நாற்பது வேலியும் நந்தன் புகுந்த நெருப்பும்

காவிரி பாயும் கழனியில் நெல் விளைந்தது. விளைவித்தவன் குடிசையிலோ பசி விளைந்தது. தஞ்சைத் தரணியின் இந்தக் கொடுமையைத் தமிழ்ப் பேசும்படம் தொடக்கக் காலத்திலேயே தொட்டது. எப்படித் தொட்டது என்பதே நாம் ஆராய வேண்டியது.

1935இல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமேற்று நந்தனாராக நடித்தார். அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய்! 1942இல் ஜெமினி அதே கதையை எடுத்தது, எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனானார். பண்ணையாள் வேடத்திற்கு இலட்சம். வெயிலில் வெந்த உண்மைப் பண்ணையாளுக்கு மரக்கால் நெல்!

சேக்கிழார் பாடிய ஆதனூர் நந்தன் கதையில் ஆண்டை எவனும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில், நாகை வட்டாரத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியாரே வேதியர் என்னும் நிலக்கிழாரைக் கதைக்குள் கொணர்ந்தார். தில்லை செல்ல விடை கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஏறத்தாழ 265 ஏக்கர்! தனி ஒருவனால் ஆகுமா? ஆகாது, ஆகவே இறையருள் வருகிறது. ஓரிரவில் பயிர் விளைகிறது. வேதியர் மனம் மாறுகிறார். ஆயினும் தில்லைக்குள் நுழைய நந்தன் நெருப்பில் மூழ்கியாக வேண்டும். தீண்டாமை எரியவில்லை, தோழர்களே, தீண்டப்படாதவன் எரிந்தான்!

அந்நாளில் வேறு முடிவைக் காட்டவே இயலாதா? 1939இல் அர்ஜென்டினாவில் மாரியோ சோஃபிசி இயக்கிய ‘மண்ணின் கைதிகள்’, மாத்தே இலைத் தோட்டங்களில் கடனுக்கு அடிமைப்பட்ட கூலிகளைக் காட்டியது. அங்கே, கொடுமை செய்தவனின் சவுக்கு கூலியின் கைக்கு மாறுகிறது.

நம் திரையிலும் திருப்பம் வந்தது. 1949இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’யில், கடன் கொடுமையால் தந்தையை இழந்த ஆனந்தன் காளியிடம் முறையிடுகிறான், பயன் காணாமல் தன் அறிவை நம்பத் தொடங்குகிறான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதுவும் அற்புதத்தால் அன்று. உழவர் சங்கம் கட்டிப் போராடியதால்.

எனினும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழைப்பாளர் குடும்பங்கள் அவை. ‘வேலைக்காரி’ தந்த அண்ணாவே அன்று முதலமைச்சர். இதை மறைத்தெழுதுவது பகுத்தறிவாகாது. வெள்ளித்திரையில் விழிப்பு வந்துவிட்டால் வயற்காட்டில் விடியல் வந்துவிடாது. அதற்குத் தனியே பாடுபட வேண்டும்.

நந்தனை நெருப்பிலிட்ட கதையைக் கண்ணீர் மல்கப் பார்த்தவர்கள் நம் முன்னோர். நாம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்போம்: அந்த நெருப்பை மூட்டியவர் யார்?