இடையும் இலக்கமும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் நகரை ஒட்டினாற்போல் இருக்கிறது வேங்கிக்கால். ஏரியும் வயலுமாக அறியப்பட்டிருந்த அவ்வூர், 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானதற்குப் பிறகு, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த ஊராயிற்று. இன்று அச்சாலையில் ஆயத்த ஆடைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு பௌர்ணமி நாளின் பிற்பகலில் அத்தகைய கடையொன்றின் வாசலில் நாங்கள் இருவர் காத்திருந்தோம். உடன் வந்த தோழி, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்திற்குப் புடவை தோதுப்படாது என்று பேண்ட் வாங்க உள்ளே போயிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். 32 என்று எழுதியிருந்தது தொடையிலேயே நின்றுவிட்டதாம். 36 தொடையைக் கடந்தது. ஆனால் இடுப்பில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வேறொரு நிறுவனத்தின் 34 இரண்டுக்குமே பொருந்தவில்லை. எக்ஸ்எல் என்றிருந்த மற்றொன்றோ எங்கள் தோழியைப் போல் இருவரைக் கொள்ளும். கடையிலிருந்த பெண் பொறுமைசாலி. "இடுப்புக்கு 32 சரியா வரும் அக்கா, சீட்டுக்குத்தான் 36 கேக்குது" என்றாராம். இதைச் சொல்லிவிட்டுத் தோழி சொன்ன அடுத்த வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்: "என் உடம்புதான் கோணல் போலிருக்கிறது."

உடம்பு கோணலா, இலக்கம் கோணலா என்ற கேள்வியோடுதான் அன்று மலையைச் சுற்றினோம். அதன் பின் சில வாரங்கள் நூல்களையும் சுற்ற நேர்ந்தது.

தைத்த ஆடை தமிழ்நிலத்துக்கு அந்நியமன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை அடுக்கிச் செல்கையில் துன்னகாரரையும் சொல்கிறது. துன்னம் என்றால் தையல். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலரான யவனர் மெய்ப்பை அணிந்து நிற்கிறார்கள். மெய்ப்பை, அதாவது மெய்யைப் போட்டு வைக்கும் பை. சட்டைக்கு இதைவிட நேரான சொல் இருக்க முடியாது என்று எங்களில் ஒருவர் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தார். எனினும் பெரும்பாலோர் உடுத்தது தைக்காத துணியே. புடவைக்கும் வேட்டிக்கும் உடம்பை அளக்க வேண்டியதில்லை. கொசுவத்தைக் கூட்டினால் ஒல்லி, குறைத்தால் பருமன். ஒரே புடவையைத் தாயும் மகளும் மருமகளும் கட்டிக்கொள்ளலாம்.

அந்நாளில் உடம்பு அளக்கப்படும் பொருளாக இல்லை, அளக்கும் கருவியாக இருந்தது. விரல், சாண், முழம், அடி எல்லாம் மேனியிலிருந்து எடுத்தவை. பூக்காரம்மா இன்றும் தம் முழங்கையால்தான் மல்லிகையை அளக்கிறார். வாங்குபவர் அவர் கை நீளத்தைப் பார்த்துக் கடை மாறுவதும் உண்டு. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோல்களின் நீளத்தைக் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்தார்கள். பதினாறு சாண் கோல் என்பது கல்வெட்டுகளில் வரும் பெயர்களுள் ஒன்று. யாருடைய சாண் என்ற வழக்கு எழாதிருக்கக் கல்லே சாட்சி.

பெண்ணுடலை அளவுகளாகப் பகுத்தெழுதிய மரபு ஒன்றும் நம்மிடம் உண்டு. அது துன்னகாரருடையது அன்று, ஸ்தபதிகளுடையது. சிற்ப நூல்கள் கூறும் தாலமானத்தில் சிவன், திருமால், பிரமன் ஆகியோர்க்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். உமை, திருமகள் முதலான தேவியர்க்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அங்குலம் அன்று. படிமத்தின் உயரத்தையே 120-ஆகப் பகுத்தால் வரும் பங்கு அது. ஆகவே ஒரு சாண் தேவிக்கும் ஓராள் உயரத் தேவிக்கும் கணக்கு ஒன்றுதான். சுவாமிமலையில் வார்ப்பு வேலை செய்வோர் இதற்காகத் தென்னையோலைக் கீற்றொன்றை எடுத்து, படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறியிட்டுக்கொள்கிறார்கள். ஒடிஓலை என்று பெயர். ஒவ்வொரு படிமத்துக்கும் தனித்தனி ஓலை.

ஐரோப்பியத் தையற்காரர்களும் ஏறத்தாழ இதையே செய்துவந்தார்கள் என்பது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட தாள் துண்டு. தோள் எங்கே முடிகிறது, இடை எங்கே என்று அதில் சிறு வெட்டுகள். எண் எதுவும் கிடையாது. அத்துண்டைப் பிறிதொருவருக்குப் பயன்படுத்தவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலம் குறித்த நாடா பரவிய பின்னரே ஒருவர் அளவை மற்றவர் அளவோடு ஒப்பிட முடிந்தது. மார்பளவு தெரிந்தால் பிற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம் என்ற விகிதக் கோட்பாடுகள் எழுந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) படைவீரர்க்குச் சீருடைகளை மொத்தமாகத் தைக்க நேர்ந்ததில் ஆண்களின் ஆயத்த ஆடைக்கு அளவு வரிசைகள் பிறந்தன. மார்பைக் கொண்டு ஆணுக்குக் கோட்டு தைப்பது ஒருவாறு கைகூடிற்று. பெண்ணின் இடுப்பு எந்த விகிதத்துக்கும் கட்டுப்படவில்லை.

அதை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தது, யாரும் எதிர்பாராதவண்ணம், அமெரிக்க வேளாண்மைத் துறை. அத்துறையின் மனையியல் பிரிவைச் சேர்ந்த ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்னும் இருவர் தலைமையில் 1939–40-இல் ஏழு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஒருவருக்கு எடையுடன் சேர்த்து 59 அளவுகள். பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோருக்கென அரசு நடத்திய திட்டத்தின் பணத்தில் இது நடந்தது. அளவு கொடுத்தோருக்குச் சிறு தொகை தரப்பட்டதால் ஏழைப் பெண்களே அதிகம் வந்தார்கள் என்பர்.

1941-இல் வெளியான அறிக்கையில் இரண்டு செய்திகள் எங்கள் கவனத்தை நிறுத்தின. முதலாவது, ஓர் அளவைக் கொண்டு மற்றவற்றை ஊகிக்க வேண்டுமானால் மார்போ இடையோ உதவாது, உயரமும் எடையும் சேர்ந்தே ஓரளவு உதவும் என்ற முடிவு. ஆனால் கடைக்கு வரும் பெண் எடையைச் சொல்லக் கூசுவார் என்பதை ஆய்வாளர்கள் உணர்ந்திருந்தார்கள். இரண்டாவது செய்தி கசப்பானது. கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே. கூட்டத்தில் பிறர் வந்து நின்றால் மனக்கசப்பு நேராதிருக்க அவர்களையும் அளக்கலாம், பின்னர் அந்தத் தாள்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நாடாவைச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, 59 எண்களையும் எழுதிவிட்டு, பிறகு அத்தாளை ஒதுக்கிவைத்த கைகளை எண்ணிப் பார்க்கிறோம்.

அஞ்சல் வழி ஆடை விற்ற வணிகர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டது. பொருந்தாமல் திரும்பிவரும் பொதிகள் அவர்களுக்கு நட்டம். அவர்கள் வேண்டுகோளின் பேரில் 1958-இல் அமெரிக்க அரசின் தர அளவு வெளிவந்தது: 8 முதல் 38 வரை எண்கள், நெட்டை, நடுத்தரம், குட்டை என்பதற்கு ஓரெழுத்து, இடுப்பு பெருத்ததா சிறுத்ததா என்பதற்குக் கூட்டல் கழித்தல் குறி. எங்கள் தோழிக்கு வேண்டியிருந்தது அந்தக் கூட்டல் குறிதான்! வணிகர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிட்டார்கள். 1970-இல் திருத்தப்பட்ட அத்தரம் 1983-இல் அரசால் கைவிடப்பட்டது. அதன் பின் அவரவர் கடைக்கு அவரவர் எண். 1958-இன் அட்டவணையில் 8 என்றால் 31 அங்குல மார்பு. நாளடைவில் அதே 8 பல அங்குலம் பெரிய உடலுக்கும் ஒட்டப்பட்டது. சிறிய எண்ணைக் கண்டு மகிழும் பெண் வாங்காமல் போகமாட்டார் என்ற வணிக சூட்சுமம் அது.

நம்மூருக்கு வருவோம். சிங்கர் தையல் இயந்திரம் 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. 1930-களில் கல்கத்தாவிலிருந்து உஷா வந்தது. தெருவுக்கொரு தையற்காரர் அமர்ந்தார். பெண்ணைத் தொட்டு அளப்பதில் இரு தரப்பிலும் இருந்த கூச்சத்தை நம் பெண்கள் அழகாகக் கடந்தார்கள். அளவு ரவிக்கை என்ற ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போயிற்று. பாரீசின் தாள் துண்டும் சுவாமிமலையின் ஓலையும் செய்த வேலையை ஒரு பழைய ரவிக்கை செய்தது. பின்னர் சுடிதார் வந்தபோதும் இடர் இல்லை; அதன் கால்சட்டைக்கு நாடா இருந்தது. அடுத்து வந்த லெகின்ஸ், இழுவிசையுள்ள நூலால் அளவுப் பிரச்சினையையே கேலி செய்தது. பொத்தானும் ஜிப்பும் வைத்த பேண்ட் ஒன்றுதான் பெண்ணின் இடையிடம் துல்லியமான எண்ணைக் கேட்கிறது.

நாற்பதாண்டுகளாகத் தைத்துவரும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "பாவாடைக்கு நாடா ஒண்ணு போதும்மா. பேண்டுன்னா சீட்டைப் பார்த்துத்தான் வெட்டணும். இடுப்பைப் பிடிச்சுக் குடுத்துடலாம், சீட்டை எங்கேருந்து கொண்டாந்து ஒட்டறது?" என்றார். மேலைநாட்டு நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதுவே. நாடாவை இடையின் மிகக் குறுகிய இடத்தில் ஒருமுறையும் பின்புறத்தின் மிக அகன்ற இடத்தில் ஒருமுறையும், தரைக்கு இணையாக, இறுக்காமல் சுற்ற வேண்டும். பிறகு முன்னிடையிலிருந்து கவடு வழியே பின்னிடை வரை, கவட்டிலிருந்து கணுக்கால் வரை, தொடையின் சுற்று. முதல் இரண்டும் அட்டவணையின் இரு வேறு வரிசைகளில் விழுந்தால் பெரியதைத் தரும் வரிசையை எடுத்துக்கொண்டு மற்றதைப் பிடித்துத் தைக்கலாம். கவட்டின் அளவைத்தான் எந்த அட்டவணையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. உட்கார்ந்தால் பின்னால் இறங்குகிற பேண்டின் குற்றம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, இந்திய அட்டவணை என்று ஒன்று இல்லையா? இங்கே விற்கும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைத் தழுவியவை. இந்நிலையை மாற்ற, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு 2018-இல் 'இந்தியாசைஸ்' என்னும் திட்டத்தை அறிவித்தது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண வருடியால், தொடாமலே அளப்பது திட்டம். பிரிட்டன் 2001-இல் தொடங்கி இம்முறையில் சுமார் 11,000 பேரை அளந்திருந்தது. இந்தியாவுக்கு வகுத்த நகரங்கள் ஆறு: கொல்கத்தா, மும்பை, புது தில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தமிழ்நாட்டு நகரம் ஒன்றும் இல்லை. தெற்கின் உடம்புக்குப் பெங்களூரு சாட்சி சொல்லும் என்று கருதினார்கள் போலும். திருப்பூரில் நம் பெண்கள் எத்தனையோ நாட்டுப் பெண்களின் இடையளவை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கால் அங்குலம் பிசகினாலும் தள்ளுபடியாகும் ஆடைகளைத் தைத்து அனுப்புகிறார்கள். அவர்களில் யாருக்காவது தாம் தைக்கும் பேண்ட் பொருந்துமா என்று கேட்டவர் உண்டா?

பெண்ணின் கால்சட்டை பற்றி நீதிமன்றம் வரை பேசியாயிற்று. 2015-இன் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவொன்றின்படி 2016 ஜனவரி முதல் கோயில்களில் ஜீன்சும் லெகின்சும் கூடாதென்று பலகைகள் வைக்கப்பட்டன. அம்மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. எதை அணியக் கூடாது என்று சொல்வதற்கு இருந்த வேகத்தில் ஒரு பங்கு, அணிவது பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும் இருந்திருக்கலாம்.

தோழியின் கதையை முடித்துவிடுகிறோம். அந்தப் பெரியவரின் மனைவி தோழியை உள்ளே அழைத்துப்போய் அளவெடுத்தார். இடை 31½, சீட் 39, உள்நீளம் 27. ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அடுத்த பௌர்ணமிக்கு நீலப் பருத்தித் துணியில் பேண்ட் தயாராயிற்று. ஆடையின் உட்புறத்தில் எண் ஏதும் இல்லை. நாட்காட்டித் தாளைத் தோழி தம் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்.