ஆசிரியர் வீட்டிலிருந்து ஆசிரமத்திற்கு: பெத்தனித் துறவியரின் ஆள்சேர்ப்பும் பயிற்சியும்

கத்தோலிக்க ஆண்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் ஆள்சேர்க்கும் விதம் ஒன்றல்ல. 1833இல் பாரிஸில் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல் சபையில், ஏழை வீடுகளைச் சந்திக்கப் போவதே பயிற்சி. அதைக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரி. 1882இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் அருட்பணியாளர் மெக்கிவ்னி நிறுவிய கொலம்பஸ் வீரர்கள் அமைப்போ, உறுப்பினர் இறந்தால் அவர் குடும்பத்திற்குக் காப்பீட்டுத் தொகை என்ற உறுதியை முன்வைத்து வளர்ந்தது. திருவனந்தபுரத்தில் இன்று வேரூன்றியிருக்கும் பெத்தனி ஆசிரமம் இவ்விரண்டிலும் சேராது. துறவறச் சபை என்பதால் மட்டுமல்ல, அதற்கு முதல் உறுப்பினர்கள் கிடைத்த விதத்தாலும் அது வேறுபட்டது. அங்கே முதலில் மாணவர்கள் இருந்தார்கள். சபை பிறகுதான் வந்தது.

பெத்தனியின் நிறுவனர், 1882இல் மாவேலிக்கரையில் பிறந்த அருட்பணியாளர் பி. டி. கீவர்கீஸ், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலை முடித்தவர். அக்காலத்தில் கேரளத்தின் மலங்கரை யாக்கோபாயத் திருச்சபைக் குருக்களிடையே அந்தப் பட்டம் அபூர்வம். ஊரார் அவரை ‘எம்.ஏ. அச்சன்’ என்றே அழைத்தனர். கோட்டயம் எம்.டி. செமினாரிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்த அவர், 1913இல் வங்கத்தின் செராம்பூர்க் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே முதல்வர் ஜார்ஜ் ஹவல்ஸ் என்ற பாப்டிஸ்டு மிஷனரி. முந்தைய ஆண்டு மலங்கரையில் கத்தோலிக்கேட் என்னும் உள்ளூர்த் தலைமைப் பீடம் நிறுவப்பட்டிருந்தது. பாத்ரியார்க்காவின் தலைமையை ஏற்ற தரப்பும் உள்ளூர் ஆயரைச் சார்ந்த மெத்ரான் தரப்பும் சொத்துக்காக நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தன. சபை வழக்கில் சிக்கிக் கிடக்கையில் சீர்திருத்தத்திற்கு ஆள் எங்கிருந்து வரும்? மேற்படிப்புக்காக மலங்கரை இளைஞர்களைத் தம்மோடு செராம்பூருக்கு அழைத்துச் சென்றதையே நான் இதற்கு அவர் தந்த விடையாக வாசிக்கிறேன். பாடம், செபம், அன்றாட வாழ்க்கை மூன்றும் அங்கே ஒரே ஆசிரியரின் நிழலில் நடந்தன. திருச்சபைச் சட்டம் ‘நவதுறவறம்’ (துறவறத் தொடக்கப் பயிற்சி) என்று பெயரிட்டு வரையறுப்பதை அவர்கள் பெயர் வைக்காமலே வாழ்ந்து பார்த்தார்கள்.

சாந்திநிகேதனும் சபர்மதியும் அவரைக் கவர்ந்த முன்மாதிரிகள். மேலை மடங்களின் கட்டமைப்பை அப்படியே கொண்டுவராமல், குருவும் சீடரும் கூடி வாழும் ஆசிரமத்தை அவர் தேர்ந்ததில் வியப்பில்லை. 1919 ஆகஸ்ட் 15 அன்று ரான்னி பெருநாட்டின் முண்டன்மலையில் பெத்தனி தொடங்கியது. காடு சூழ்ந்த இடம், காவி உடை, குடிசை வாழ்வு. ‘கிறிஸ்து அனுகரண’ சபை என்ற பெயரே அங்கு சேர வருபவரிடம் கேட்கப்படுவது என்ன என்பதைச் சொல்லிவிடும். 1925இல் நிறுவனர் மார் இவானியோஸ் என்ற பெயரில் ஆயரானார். அதே ஆண்டில் பெண்களுக்கான பெத்தனி மடமும் தொடங்கியது. அவருடைய சீடர் யாக்கோபு பின்னர் மார் தெயோபிலோஸ் என்ற பெயரில் ஆயரானார். சீடன் குருவுக்கு நிகரான பட்டத்தை அடையலாம் என்பதை இளைஞர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். எந்த அறிவிப்பையும்விட இது வலுவான அழைப்பாக இருந்திருக்கும்.

இந்த முறைக்கு வலிமை எங்கிருந்ததோ பலவீனமும் அங்கேயே இருந்தது. எல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியே நின்றன. 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில் ஆயர் பென்சிகர் முன்னிலையில் மார் இவானியோஸ் உரோமையோடு இணைந்தார். உடன் இணைந்தவர் நால்வர்: மார் தெயோபிலோஸ், பெத்தனியின் அருட்பணியாளர் ஜான், திருத்தொண்டர் அலெக்சாண்டர், கிளிலேத்து சாக்கோ என்ற பொதுநிலையினர். ஐவரில் நால்வர் ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும் ஆசிரமம் முழுவதும் அவரோடு போகவில்லை. முண்டன்மலை, மெத்ரான் தரப்பான ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலேயே நின்றது. அவருடைய இன்னொரு சீடரான அலக்சியோஸ் மார் தெயோதோசியோஸ் பின்னாளில் அத்திருச்சபையின் கொல்லம் மறைமாவட்ட ஆயரானார். இதை வெறும் பிளவாக எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கோ இது பயிற்சியின் தரத்திற்கும் சான்று: குருவைப் பின்பற்றாமலிருக்கவும் துணிந்த சீடர்களை அந்த ஆசிரமம் உருவாக்கியிருக்கிறது.

கத்தோலிக்கப் பக்கத்தில் எல்லாம் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. 1932 ஜூன் 11 அன்று திருவனந்தபுரம் மலங்கரை உயர்மறைமாவட்டம் அமைந்தது. மையம் மலையிலிருந்து தலைநகருக்கு நகர்ந்தது. சேர வருவோரைச் சட்டம் இப்போது வரிசைப்படுத்தியது. இன்று நடப்பிலுள்ள 1990ஆம் ஆண்டுக் கீழைத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி நவதுறவறத்தில் நுழையப் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு இடையறாத பயிற்சி. மூன்று முதல் ஆறாண்டு வரை தற்காலிக வார்த்தைப்பாடு. அதன்பின்பே நித்திய வார்த்தைப்பாடு. தனி ஒருவரின் கவர்ச்சியில் சேர்ந்தவர் அக்கவர்ச்சி மங்கியபின்னும் நிலைப்பாரா என்று பார்க்க இத்தனை ஆண்டுகள் தேவைப்படுகின்றன. செராம்பூரில் அதைச் சோதிக்க வாய்ப்பில்லை. 1930தான் அந்தச் சோதனை.

ஆனாலும் பழைய ஆசிரியர் மறையவில்லை. 1949இல் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையின் பெத்தனிக் குன்றில் மார் இவானியோஸ் கல்லூரி எழுந்தது. நான்கே ஆண்டுகளில், 1953 ஜூலை 15 அன்று, அவர் இறந்தார். திருவனந்தபுரத்தின் பட்டம் என்னும் பகுதியிலுள்ள பேராலயத்தில் அடக்கம். அவருடைய சபையின் வரலாற்றை எழுத முனைபவர் நாலாஞ்சிறையின் பதிவேடுகளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. முண்டன்மலையில் தங்கியவர்களும் அவரிடமே பாடம் கேட்டவர்கள். இரு தரப்புப் பட்டியல்களையும் சேர்த்து வாசித்தால்தான் எத்தனை பேரை அவர் உருவாக்கினார் என்று எண்ணத் தொடங்கவே முடியும்.