வடிசாலையும் கள்ளுக்கடையும்

ஜப்பானில் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே இருக்கிறது யமசாகி. 1923இல் தோரி ஷின்ஜிரோ அங்கே விஸ்கி வடிசாலையைத் தொடங்கினார். இன்று வெளியூர்க்காரர்கள் தேடிப் போய் அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வழிகாட்டி செம்புக் கொதிகலன்களையும் மரப்பீப்பாய்களையும் காட்டி விளக்குகிறார். முடிவில் ஒரு மடக்கு ருசி. ரவாங்கிலிருந்து போகிறவர்களும் பார்க்கலாம், தப்பில்லை.

ஆனால் ரவாங், கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு மதுவின் வரலாறு வேறு. அன்று ரப்பர் தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்தது. பால்மரம் வெட்டி வாங்கிய கூலி வீடு போய்ச் சேருமுன் அங்கே கரைந்தது. அடுப்பு எரியாத வீட்டில் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்?

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை! தலைவர் ஆர்.எச்.நாதன் கைதானார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கூலி, மரியாதை, கள்ளுக்கடை மூடல் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார்கள் அந்த எளிய மனிதர்கள். வடிசாலை பார்க்கப் போகிற பேரப்பிள்ளைகள் அதையும் நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும்.