உடம்புக்குத் தமிழில் பெயர் தந்த வரலாறு



பள்ளி விடுமுறை ஒன்றில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் சென்று, கேலாங்கில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். அவ்வீட்டுப் பாட்டி எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். ஒரு நாள் காலையில், "நெஞ்சு வலிக்குதுப்பா" என்றார். உடனே மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் சீனர். உடனிருந்த தமிழ்த் தாதி, "நெஞ்சுல எந்த இடம் பாட்டி? கைய வச்சுக் காட்டுங்க" என்றார். பாட்டியின் கை மார்பெலும்புக்குக் கீழே, வயிற்றின் மேற்பகுதியில் போய் நின்றது. இருதயத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு, இது இரைப்பைப் புண் என்றார் மருத்துவர்.

அன்று கை காட்டியதால் இடம் விளங்கிற்று. தொலைபேசியில் பேசும்போது கை காட்ட முடியுமா? அங்கே சொல்தானே கை! அந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கேலாங்கிற்கு அருகே சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த கோயில் அது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களில் எழுத்தர்கள் உண்டு, ரயில்வே ஊழியர்கள் உண்டு, மருத்துவமனை உதவியாளர்களும் உண்டு. அந்த யாழ்ப்பாணத்தில்தான் மேலை மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது.

கற்பித்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவில் 1822-இல் பிறந்தவர். மிஷன் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். ஆங்கிலம் படித்தவர்கள் கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டார். கிராமத்திலேயே தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் வேண்டும் என்றால் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று துணிந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று மருத்துவர் ஆனார்கள்.

பாடநூலுக்கு எங்கே போவது? தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். லண்டனில் 1858-இல் வெளிவந்து இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிரே என்பவரின் உடற்கூற்று நூல், 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. நாம் இன்று உடற்கூற்றியல் என்பதை அன்று அங்காதிபாதம் என்றார்கள். 1873-இல் தாயகம் திரும்பிய பின்பும் கிறீன் இப்பணியை விடவில்லை. 1884-இல் மறையும் வரை தொடர்ந்தார்.

கலைச்சொல் ஆக்க அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் வடமொழியில் தேடு. அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு மாற்றிக்கொள். வேதியியலைக் 'கெமிஸ்தம்' என்றது மூன்றாவது வகை.

முதலில் தமிழைப் பார் என்றாரே, அங்கே என்ன இருக்கிறது? நாம் பொதுவாகக் 'கை வலி' என்கிறோம். ஆனால் தோள், முழங்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. காலிலும் அப்படியே: தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால். முன், உள், புறம் என்று திசையையே பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

மேல்நாட்டிலும் பெயர்க் குழப்பம் இருந்தது. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கியதால், ஏறத்தாழ 50,000 பெயர்களை ஏறத்தாழ 5,000 ஆகக் குறைத்து 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒழுங்கு செய்தார்கள். நம்மிடமோ குழப்பம் வேறு விதம். பல பொருளுக்கு ஒரே பெயர்! 'நரம்பு இழுக்குது' என்கிறோம். அது உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பா, இரத்தக் குழாயா, தசையை எலும்போடு கட்டும் தசைநாணா?

இடவலத்திலும் ஒரு விதி உண்டு. உடற்கூற்றுப் படத்தில் மனிதன் நம்மைப் பார்த்து, உள்ளங்கை முன்னே தெரிய, நிமிர்ந்து நிற்கிறான். வலம் என்றால் அவனுடைய வலம். பார்க்கிற நம்முடைய வலம் அன்று. கல்லீரல் வலப்பக்கம் என்பது இப்படித்தான். குடல்வால் நோயில் வலி பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிற்கும். எதிரே நிற்பவர் தம் கைக்கு இடம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைகளை நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை பெயர் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் கூடச் சொல்லுங்கள். உடம்புக்கு முடியாதபோது எந்த இடம், எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று இந்த மூன்றையும் சொல்லப் பழகுங்கள். நெஞ்சில் வலி வந்தால் வாயு என்று நாமே முடிவு கட்டிச் சுக்குக் கஷாயத்தோடு இருந்துவிட வேண்டாம். மேல்வயிற்று வலிகூடச் சில வேளை இருதயத்தால் வருவதுண்டு. நோய் இன்னது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இடம் இன்னது என்பதை நாம் சரியாகச் சொல்வோம்.