கோடீஸ்வரன் வழக்கும் சம்பந்தன் வழக்கும்

இலங்கையின் யாப்பு வரலாற்றிலே தமிழர் இருவரின் பெயரால் வழங்கும் வழக்குகள் இரண்டு பெரிதும் பேசப்படுவன. ஒன்று ஓர் எழுதுவினைஞரின் சம்பளவேற்றம் பற்றியது. மற்றையது ஒரு பாராளுமன்றத்தின் ஆயுள் பற்றியது. முன்னையதில் எழுப்பப்பட்ட அடிப்படைக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் முடிந்த முடிபாக விடை கூறவில்லை. பின்னையதற்கு ஏழு நீதியரசர்கள் ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் ஒருமனதாக விடை கூறினர். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அடைந்த மாற்றத்தை இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது தெளிவாகக் காணலாம்.

கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் 1962இல் அவருக்குரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. தொகை சிறிது, வினா பெரிது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்த காப்பை மீறுகின்றதா என்பதே அவ்வினா. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் மீறுகின்றது எனத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அவ்வினாவைத் தொடாமலே, அரச ஊழியர் தம் வேதனத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடரவியலாது என்னும் காரணத்தால் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. 1969இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அக்காரணம் தவறெனக் கண்டு, யாப்பு வினாவை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிற்று. அவ்வாராய்வு ஒருபோதும் நிகழவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு யாப்பு 29ஆம் பிரிவையே கைவிட்டது. நிறைவேறிய சட்டமொன்றின் வலிதுடைமையை நீதிமன்றங்கள் வினவுவதையும் தடுத்தது. வழக்கு தோற்கவில்லை, அது நின்ற நிலமே அகற்றப்பட்டது.

1978ஆம் ஆண்டு யாப்பும் அத்தடையை நீக்கவில்லை. மசோதா சட்டமாகும் முன்னர், குறுகிய காலவரையறைக்குள் மட்டுமே அதனை உயர் நீதிமன்றில் எதிர்க்கலாம். ஆயினும் இவ்யாப்பு வேறொரு வாயிலைத் திறந்தது. நிருவாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துள் நேரே உயர் நீதிமன்றத்தை நாடலாம். சனாதிபதியின் செயல்கள் நெடுங்காலம் இவ்வாயிலுக்கு அப்பாலேயே நின்றன. 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது திருத்தமே, சட்டமா அதிபரை எதிராளியாக்கி அச்செயல்களையும் வினவுவதற்கு வழிவகுத்தது. அத்திருத்தத்தின் மிகப் பெரிய சோதனை மூன்றே ஆண்டுகளில் வந்தது.

2018 ஒற்றோபர் 26ஆம் நாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த இராசபக்சவை நியமித்தார். பாராளுமன்றப் பெரும்பான்மை கிட்டாதெனத் தெரிந்தபின், நவம்பர் 9ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்து, 2019 சனவரி 5இல் தேர்தல் நடைபெறுமெனப் பிரகடனஞ் செய்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் உயர் நீதிமன்றை நாடினர். நவம்பர் 13இல் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையிலான எழுவர் ஆயம் திசம்பர் 13இல் தீர்ப்பளித்தது.

வழக்கின் மையம் இரு உறுப்புரைகளின் உறவாகும். முதற் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் கழியுமுன், மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் தீர்மானத்தால் வேண்டினாலன்றிச் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தலாகாது என்பது அன்றிருந்த 70(1)ஆம் உறுப்புரை. 2015 செத்தெம்பர் 1இல் முதன்முதற் கூடிய பாராளுமன்றத்துக்கு அக்காலம் 2020 பெப்புருவரி இறுதிவரை எஞ்சியிருந்தது. அரச தரப்போ, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் அதிகாரமளிக்கும் 33(2)ஆம் உறுப்புரையைத் தனித்து நிற்கும் அதிகாரமாகக் காட்டிற்று. மன்று இதனை ஏற்கவில்லை. 33ஆம் உறுப்புரை அதிகாரத்தைப் பெயரிடுகின்றது. அதனைப் பயன்படுத்தும் முறையை 70ஆம் உறுப்புரை விதிக்கின்றது. முன்னையதைத் தனியே வாசிப்பின் பின்னையது பொருளற்றதாகிவிடும். சனாதிபதிக்கு எதிரான ஒரே பரிகாரம் குற்றப்பிரேரணை என்ற வாதமும் தள்ளப்பட்டது. கட்டற்ற தற்றுணிபு அதிகாரம் எந்தப் பதவிக்கும் இல்லையென நீதியரசர்கள் கண்டனர். சமத்துவத்துக்கான 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டதெனவும் கலைப்பு வெறிதானதெனவும் தீர்ப்பாயிற்று. திசம்பர் 15இல் இராசபக்ச பதவி விலகினார். மறுநாள் விக்கிரமசிங்க மீண்டும் பதவியேற்றார். ஆயுதமின்றி, ஓர் இரவுக் கலகமுமின்றி, அதிகாரக் கைப்பற்றலொன்று கடதாசியில் எழுதப்பட்ட காரணங்களால் முறியடிக்கப்பட்டது எனலாம்.

இதன்பின் மன்றின் துணிவு தொடர்ந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக, 2023 சனவரியில் அதே சிறிசேனவுக்குப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், பொருளாதாரச் சரிவுக்குக் காரணமானோர் பொது நம்பிக்கையைப் பிறழ்ந்தனர் என நால்வர்க்கொருவர் என்ற பெரும்பான்மையால் கண்டபோது, இராசபக்ச சகோதரர் மூவரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். 2024 ஓகத்தில், உள்ளூராட்சித் தேர்தலை நடாத்தாமை வாக்காளர் உரிமையை மீறியதெனவும், 2025 யூலையில், 2022இன் அவசரகாலப் பிரகடனம் உரிமை மீறலெனவும் தீர்க்கப்பட்டது. இவ்விரண்டும் விக்கிரமசிங்கவின் ஆட்சிச் செயல்கள் என்பது நோக்கற்பாலது. 2018இல் மன்றினால் மீண்டவர் பின்னர் அதே மன்றினால் கண்டிக்கப்பட்டார்.

எனினும் இவ்வரலாற்றை ஒரே நேர்கோட்டு ஏற்றமாக வரைதல் பிழையாகும். 2006 ஒற்றோபர் 16ஆம் நாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் வடக்குக் கிழக்கு மாகாண இணைப்பு வலிதற்றதெனத் தீர்த்தது. தமிழ் மக்களின் அரசியலைப் பொறுத்தவரை சம்பந்தன் வழக்கிலும் ஆழமாகப் பாய்ந்த தீர்ப்பு அதுவே. பகைமை நிறுத்தமும் ஆயுதக் கையளிப்பும் நிகழ்ந்தாலன்றி இணைப்பைப் பிரகடனஞ் செய்யலாகாதெனச் சட்டம் கூறியிருக்க, 1988இல் அவசரகால ஒழுங்குவிதியால் அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. நிருவாகம் இவ்வாறு சட்டத்தை மாற்றலாகாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. தர்க்கத்தைப் பிரித்துப் பார்ப்பின், 2018இன் தர்க்கமும் ஏறத்தாழ இஃதே. வழி 126ஆம் உறுப்புரை. மீறப்பட்டதாகக் கூறப்பட்டது 12(1). ஒன்றைப் போற்றி மற்றையதைச் சதியெனத் தள்ளுவோர் இவ்வொற்றுமைக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். ஆயினும், ஒரு மாத வரையறை இருக்கவும் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த மனுக்களுக்குக் காலதாமதம் தடையாகவில்லை என்பதும், கோடீஸ்வரனின் கேள்விக்கோ காலமே கிட்டவில்லை என்பதும் சேர்த்தே எண்ணற்பாலன.

கிழக்கு மக்கள் தமக்கெனத் தனியொரு சபையைத் தெரியும் உரிமை மறுக்கப்பட்டனர் என்பதே 2006 மனுதாரரின் முறையீடு. அச்சபைக்கு 2008இல் தேர்தல் நடைபெற்றது. அதன் ஆயுள் 2017 செத்தெம்பரிலும், வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒற்றோபரிலும் முடிந்தன. எல்லை நிருணயச் சிக்கலைக் காரணமாகக் காட்டித் தேர்தல்கள் பிற்போடப்பட்டன. 2025ஆம் ஆண்டிலும் இரு மாகாணங்களும் தெரிவுசெய்யப்பட்ட சபைகளின்றி ஆளுநர்களாலேயே நிருவகிக்கப்பட்டன.