முதுகுன்றத்தில் குன்று எங்கே?

மங்களூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது அரபிக்கடலோரத்து மங்களூரும் அங்கிருந்து வந்து நம் பாட்டன்மார் வீட்டுக் கூரைகளில் ஏறிய சிவப்பு ஓடுகளுமே. இக்கட்டுரை பேசவிருப்பது அந்த மங்களூரை அன்று. கடலூர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், திட்டக்குடி வட்டத்தில், அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் மங்களூர்ச் சட்டமன்றத் தொகுதி நீங்கித் திட்டக்குடித் தொகுதி வந்தது. தேர்தல் வரைபடத்திலிருந்து பெயர் போனபின் வெளியூரார் அவ்வூரை நினைக்க இருந்த காரணங்களுள் ஒன்றும் குறைந்துபோயிற்று.

இரு மங்களூர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மேற்குக்கரை மங்களூரில் 1865-இல் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். நம் மங்களூருக்குக் கிழக்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் எழுந்தன. இரண்டும் மண்ணைச் சுட்டுப் பிழைத்த பகுதிகள். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் புகுந்தால், விருத்தாசலத்தின் பழம்பெயர் எழுப்பும் வேறொரு கேள்வியில் போய் நிற்கிறோம்.

விருத்தாசலம் என்பது வடமொழியாக்கம். விருத்தம் என்றால் முதிர்ந்தது. அசலம் என்றால் மலை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பெயர் திருமுதுகுன்றம். இறைவன் பழமலைநாதர். முதுமை, பழமை, குன்று, மலை என்று எல்லாப் பெயர்களும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் மணிமுத்தாற்றங்கரையில் நின்று நான்கு திசையும் நோக்குபவர் கண்ணில் படுவது சமவெளியே. உலகின் மலைகளுக்கெல்லாம் முன் தோன்றிய மலை இது என்கிறது தலபுராண மரபு. அந்த மலை எங்கே போயிற்று?

இதற்கு விடை தேட மங்களூரிலிருந்து கிழக்கு நோக்கிப் பயணிக்க வேண்டும். மங்களூர் முதல் கடலூர்க் கடற்கரை வரை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய தொலைவுக்குள் நில வரலாற்றின் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மேற்கே மங்களூர்ப் பக்கம் காலுக்கடியில் இருப்பவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான படிகப் பாறைகள். அவற்றின்மேல் ஆங்காங்கே கரிசல், அதில் பருத்தியும் மக்காச்சோளமும். விருத்தாசலத்தை நெருங்குகையில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் பொதிந்த கிரெட்டேசியக் காலப் படிவுகள் குறுகிய பட்டையாக வெளித்தெரிகின்றன. அதற்கும் கிழக்கே முந்திரிக் காடுகளைச் சுமந்து நிற்கும் செம்மண் மேட்டுநிலம். இதனைக் 'கடலூர் மணற்கல்' என்பர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இதனடியில்தான் இருக்கிறது. இறுதியாக ஆறுகள் கொணர்ந்த வண்டலும் கடற்கரை மணலும்.

இந்த அதிகாரங்களைப் பிரித்துப் படித்தவர்களின் கதை சுவையானது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினர். அவற்றை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அறிக்கை வெளியிட்டார். சைவத் திருமுறைகளில் இருந்த ஊர், 'வெர்டாச்செல்லம்' என்ற உருக்குலைந்த ஒலிப்புடன் இலண்டன் நிலவியலாரின் ஏட்டிலும் இடம்பிடித்தது இவ்வாறே. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பதற்கு அந்தச் சங்கு சிப்பிகள் சாட்சி.

அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1855-இல் சேர்ந்த அவர், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து 1862-இல் விரிவான அறிக்கை எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவர் பகுத்த மூன்று பிரிவுகள் இன்றும் பாடநூல்களில் நிற்கின்றன. அதன்பின் அவர் வாழ்க்கை பாறையிலிருந்து வானத்துக்குத் திரும்பியது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் புவியியலின் தொடக்கநூல் ஒன்றை எழுதினார். 1875-இல் இந்திய வானிலைத்துறை தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். நிலவரைவு, நிலத்தோற்றம், தட்பவெப்பம் என்று பள்ளிப் புவியியலில் நாம் தனித்தனியே படிக்கும் மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இணைந்திருக்கின்றன.

1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பின் மழையை முன்னறிய வேண்டிய கட்டாயம் அரசுக்கு நேர்ந்தது. இமயத்தில் பனி மிகுந்தால் தென்மேற்குப் பருவமழை குன்றும் என்ற தொடர்பைப் பிளான்ஃபோர்டு 1884-இல் எடுத்துரைத்தார். ஆனால் அவர் இளமையில் சுற்றித் திரிந்த தென்னார்க்காட்டின் முதன்மை மழை வடகிழக்குப் பருவத்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக்கடலிலிருந்து வரும் அம்மழை கடற்கரையில் மிகுதியாகப் பெய்து, மேற்கே போகப்போக மெலிகிறது. மங்களூர்ப் பகுதி மானாவாரியை நம்பியது இதனால்தான். வெள்ளாற்று நீரைத் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து திருப்பித் தேக்கும் வெலிங்டன் ஏரி, 1913-இல் தொடங்கி 1923-இல் கட்டி முடிக்கப்பட்டதன் பின்னணியும் இதுவே. அதே கடல் சில ஆண்டுகளில் அளவு மீறும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த 'தானே' புயல், செம்மண் மேட்டின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துச் சென்றது.

இனிக் குன்றுக்கு வருவோம். மங்களூர்ப் பக்கத்துப் படிகப் பாறைகள் நிலப்பரப்பில் உருவானவை அல்ல. பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவை இன்று நம் காலடியில் தென்படுகின்றன என்றால், அவற்றின் மேலிருந்த அத்தனை கிலோமீட்டர்ப் பாறையும் தேய்ந்து போயிருக்க வேண்டும். மழையும் வெயிலும் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைச் சிதைத்து வெண்களியாக்கின. சிதையாத படிகக்கல் மணலாயிற்று. ஆறுகள் இரண்டையும் கிழக்கே சுமந்து சென்று பரப்பின. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண், விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குச் சென்றது இவ்வகையில்தான். மலை தேய்ந்து களியாயிற்று. களி வெந்து கோப்பையாயிற்று. நாம் தேநீர் அருந்தும் பீங்கான் கோப்பையில் ஏதோ ஒரு முதுகுன்றின் துகள் இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 'பார்த்தீர்களா, மலை தேய்ந்ததை நம் முன்னோர் அன்றே அறிந்து முதுகுன்றம் என்று பெயரிட்டனர்' என எழுத நம் கை துறுதுறுக்கிறது. நண்பர்கள் பலர் அவ்வாறு எழுதியும் வருகின்றனர். அதற்குச் சான்று கிடையாது. பாடியவர்களின் நோக்கம் பழமைக்கும் பழமையான இறைவனைப் போற்றுவது. பாறையின் வயதைக் கணிப்பதன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டால் பதிகத்துக்கும் பெருமை சேராது, நிலவியலுக்கும் பெருமை சேராது. பெயரும் பாறையும் தற்செயலாக ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அந்தத் தற்செயலை வியந்து, அதைக் கேள்வியின் வாயிலாக்கிக் கொள்வது போதும்.

சுந்தரர் கதையையும் இவ்வாறே அணுகலாம். முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பழமொழி அதையொட்டியது. இது நிலத்தடி நீரோட்டத்தைக் குறித்த மறைமொழி அன்று. ஆயினும் இப்பகுதியின் நீரைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய உவமை நமக்குக் கிட்டவில்லை. நெய்வேலிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் மணற்கல் வெளித்தெரியும் மேட்டில் விழும் மழை உள்ளிறங்கி, கிழக்கே நிலக்கரிக்கு அடியில் பேரழுத்தத்தோடு தேங்குகிறது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடிநீரின் அழுத்தம் சுரங்கத் தரையைப் பிளந்துவிடாதிருக்க நீரை இடைவிடாது இறைக்க வேண்டியிருந்தது. இன்றும் இறைக்கிறார்கள். மேட்டில் இட்ட பொன்னைப் பள்ளத்தில் எடுக்கிறோம். புராணத்தில் சுந்தரர் இட்டதைத்தான் எடுத்தார். நாமோ இட்டதைக் காட்டிலும் மிகுதியாக எடுக்கிறோமா என்று சுற்றுவட்டார உழவர்கள், தங்கள் ஆழ்துளைக் கிணறுகளைப் பார்த்தபடி கேட்கிறார்கள். நிலவரைபடத்தைப் படிக்கத் தெரிந்த குடிமக்கள் மிகுந்தால்தான் அக்கேள்விக்கு நேரான விடை பெற முடியும்.

நம் பிள்ளைகள் ஆண்டீஸ் மலையின் நீளத்தையும் சகாராவின் பரப்பையும் மனனம் செய்கிறார்கள். செய்யட்டும். கூடவே ஒருநாள் மங்களூரிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் சன்னலோரம் அமர்த்தி அழைத்துச் செல்லலாம். கரிசல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தையும், செம்மண் முடிந்து வண்டல் தொடங்கும் இடத்தையும் அவர்களே கண்டு குறித்துக்கொள்ளட்டும்.

முதுகுன்றத்துக்கு வழி எது என்று சுந்தரர் கேட்க, கூடலையாற்றூருக்கு இதுவே வழி என்று வேதியர் ஒருவர் விடையிறுத்து மறைந்ததாகப் பெரியபுராணம் கூறும். கூடலையாற்றூர், மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கும் இடம். குன்றைத் தேடிப் போனவருக்கு ஆறு காட்டப்பட்டது. குன்றைத் தேடிப் புறப்பட்ட நமக்கும் ஆறுகள் சேர்த்து வைத்த மண்தான் அகப்பட்டது.