சி மொழியில் நினைவக ஒதுக்கீடு: கண்காணிப்பின் வரலாறு

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டுப் பெறுவதும் வேலை முடிந்ததும் திருப்பித் தருவதும் இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு எனப்படும். கேட்பதற்கு மாலொக், திருப்பித் தருவதற்கு ஃப்ரீ என்னும் செயற்கூறுகள் உள்ளன. திருப்பித் தர மறந்தால் நினைவகம் கசியும். தந்த பின்னும் அதே இடத்தில் எழுதினால் வேறொரு தரவு கெடும். மொழி இவ்விரண்டையும் தடுப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய காலத்தில், பிடிபி-11 கணினியில் ஒரு நிரலின் தரவுக்குக் கிடைத்த இடம் 64 கிலோபைட்டுக்கு மேல் இல்லை. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய நூலில் சிறிய ஒதுக்கி ஒன்று அச்சாகியுள்ளது. காலி இடங்களைச் சங்கிலியாகக் கோத்து, போதுமான அளவுள்ள முதல் இடத்தை அது கொடுத்துவிடும். மாலொக் என்ற பெயர் 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது.

வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையிலான இழுபறி விரைவிலேயே தொடங்கியது. 1983இல் வந்த 4.2பிஎஸ்டியில் கிறிஸ் கிங்ஸ்லியின் ஒதுக்கி, எதையும் இரண்டின் அடுக்குகளாகவே கொடுத்தது. சரியாக 512 பைட்டு கேட்டாலும், குறிப்புத் தலைப்புக்கும் இடம் வேண்டியிருந்ததால், 1024 பைட்டு செலவாகும். வேகம் உண்டு, ஆனால் விரயமும் உண்டு. டக் லீ 1987இல் எழுதத் தொடங்கிய ஒதுக்கி, காலி இடங்களை அளவுவாரியாகப் பிரித்து வைத்து, அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றாக இணைத்தது. பல இழைகளுக்கு ஏற்றவாறு அதை வுல்ஃப்ராம் குளோகர் மாற்றியமைத்தார். லினக்ஸில் இயங்கும் குளிப்சி நூலகத்தின் மாலொக் அந்த வழியில் வந்ததே.

பிழையைப் பிடிக்கும் முயற்சியும் இதே காலத்தில்தான் தொடங்கியது. 1987இல் பிக்சாரில் பணியாற்றிய புரூஸ் பெரன்ஸ் எலெக்ட்ரிக் ஃபென்ஸ் என்ற நூலகத்தை எழுதினார். அது ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் ஒரு நினைவகப் பக்கத்தின் விளிம்பில் வைத்து, அடுத்த பக்கத்தைத் தொட முடியாதபடி பூட்டிவிடும். எல்லை மீறிய கணமே நிரல் நின்றுவிடும். மின்வேலி என்ற பெயர் அதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் பத்து பைட்டு கேட்டாலும் ஒரு முழுப் பக்கமும் அதற்கொரு காவல் பக்கமும் வேண்டும்.

ரீட் ஹேஸ்டிங்ஸும் பாப் ஜாய்ஸும் 1992இல் விவரித்த பியூரிஃபை வேறு வழியில் சென்றது. தொகுக்கப்பட்ட நிரலில், நினைவகத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் அது சோதனைக் கட்டளைகளைச் செருகியது. ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பிட்டுகளை ஒதுக்கி, அது ஒதுக்கப்பட்டதா, அதில் மதிப்பு எழுதப்பட்டதா என்று கணக்கு வைத்தது. (பின்னாளில் நெட்ஃபிளிக்ஸை இணைந்து நிறுவியவர் இதே ஹேஸ்டிங்ஸ்தான்.) பியூரிஃபை விலைக்கு விற்கப்பட்டது. ஜூலியன் சீவார்டின் வால்கிரைண்ட் 2002இல் கட்டற்ற மென்பொருளாக வந்த பிறகே இத்தகைய சோதனை மாணவர்களுக்கும் எட்டியது. ஆனால் நிரல் பத்து மடங்குக்கு மேலும் மெதுவாகும். 2012இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட அட்ரஸ் சானிடைசர், தொகுக்கும்போதே சோதனைகளைச் சேர்த்து இந்தத் தாமதத்தைச் சுமார் இரண்டு மடங்காகக் குறைத்தது.

செம்மையாக்கம் கண்காணிப்பின் கண்ணை மறைக்கவும் கூடும். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் பிழையில், ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்திய வழங்கிகளின் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட்டு வரை வெளியாள் படிக்க முடிந்தது. அந்த நூலகம், சில தளங்களில் மாலொக் மெதுவாக இருக்கிறது என்று, விடுவித்த இடங்களைத் தானே ஒரு பட்டியலில் வைத்து மீண்டும் பயன்படுத்தி வந்தது. இதனால் ஓபன்பிஎஸ்டியின் மாலொக்கில் இருந்த காவல் ஏற்பாடுகள் அந்த இடங்களை எட்டவில்லை. எட்டியிருந்தால் பிழை முன்பே பிடிபட்டிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலை நீக்கிப் பார்த்தபோது இன்னொரு பிழை வெளிப்பட்டது. ஓரிடத்தில், படித்து முடிக்காத தரவு இருந்த இடத்தை விடுவித்துவிட்டு, அதே இடம் பழைய தரவுடன் திரும்பக் கிடைக்கும் என்று நிரல் நம்பியிருந்தது. ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதே ஆண்டு பிரித்தெடுத்த லிப்ரஎஸ்எஸ்எல்லில் அந்தப் பட்டியல் இல்லை. நினைவகத்தை அது இயக்குதளத்தின் மாலொக்கிடமே கேட்கிறது.